நல்ல உடம்புக்காரன்

குருநகர்,
18.1.1937

யேசு மரி சூசை துணை

அன்புள்ள அண்ணைக்கு தங்கை சிசிலியா எழுதுவது.

யாகப்பர் புண்ணியத்தில் நானும் பெரியவள் லூர்த்தம்மாவும் சின்னவள் திரேசம்மாவும் படுக்கையில் விழாமல் இருக்கிறோம். உங்களுக்கு இழுப்பு எப்படி? பனிநாளில் காதை மூடிக்கொண்டு கந்தோருக்குப் போங்கோ. மச்சாளையும் மகள் பிலோமினாவையும் கேட்டதாகச் சொல்லவும்.

நீங்கள் கையொப்பம் வைத்து அனுப்பிய கடதாசி வேலை செய்துவிட்டது. ஏழைகளுக்கு மாதாமாதம் கொடுக்கிற தருமச் சம்பளத்தை எனக்கும் தரச் சபையார் சம்மதித்துவிட்டார்கள். இங்கே எல்லோரும் அதைப் பிச்சைச் சம்பளம் என்றுதான் சொல்கிறார்கள். நானும் அந்தச் சொல்லைப் பழகிக்கொள்கிறேன்.

விசாரிக்க வந்தவர்கள் எங்கள் ஊர்த் தலைவர் விதானையாரும், சபையின் சார்பில் நல்லூரில் வழக்குப் பேசுகிற பிறக்கிராசியார் ஒருவரின் மனைவியும். ஞானாம்பிகை அம்மா என்று பெயர். குரலை உயர்த்தாமல் கதைக்கிற மனுஷி. குசினிக்குள் வந்து பானை மூடியைத் தன் கையாலேயே திறந்து பார்த்தார். பாயை உதறிப் பார்த்தார். என் மனுஷன் கடலோடு போன பிறகு யார் வந்து போகிறார்கள் என்று கேட்டார். பக்கத்து வளவுப் பெண்கள் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆம்பிளைப் பிள்ளை இருக்கோ?" என்று கேட்டார்.

"ஒருத்தன் இருக்கிறான் அம்மா. யாகோப்பு. தேப்பன் போன கையோடை சங்கு குளிக்கவெண்டு மன்னார்ப் பக்கம் போனவன். ஒரு கடதாசியும் இல்லை."

"அப்ப ஆதரவில்லை எண்டு எழுதுங்கோ," என்று விதானையாரிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "அவன் திரும்பி வந்தால் மறைக்கப்படாது. நல்ல உடம்போடை ஒரு ஆம்பிளை வீட்டிலை நிண்டால் சம்பளம் இல்லை. விளங்குதோ?" என்றார். விளங்குது என்றேன்.

உங்களைப் பற்றியும் கேட்டார்கள். அண்ணைக்கு வசதியில்லை என்று நீங்கள் சொல்லித்தந்தபடியே சொன்னேன்.

பிறகு விதானையார் வளவில் எங்களை வரிசையாக நிற்கவைத்து நிபந்தனைகளை வாசித்தார்கள். மாதம் பிறந்ததும் நேரில் வந்து எடுக்க வேண்டும். கேட்காமல் ஊரைவிட்டுப் போகக்கூடாது. எந்த நேரம் வந்தாலும் படலையைத் திறக்க வேண்டும். ஒழுக்கமாய் இருக்க வேண்டும். எனக்கு எழுதத் தெரியும் என்று பேனைக்குக் கை நீட்டினேன். "இஞ்சை எல்லாருக்கும் பெருவிரல்தான்," என்று விதானையார் மையை நீட்டினார்.

எப்படியோ பிள்ளைகளின் வயிறு காயாது. நீங்கள் செய்த உபகாரத்தை மறக்கமாட்டேன்.

தங்கை,
சிசிலியா


கொட்டாஞ்சேனை, கொழும்பு,
9.2.1937

பிரிய சகோதரி சிசிலியாவுக்கு தமையன் நீக்கிலாப்பிள்ளை ஆசீர் சொல்லி எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. சர்வேசுரன் கிருபையால் இவ்விடம் யாவரும் சேமம். இழுப்பு மட்டும் விட்டபாடில்லை. மேல்வீடு எடுத்துக் கட்டுகிறோம், சுண்ணாம்புத் தூசி நெஞ்சுக்கு ஆகாது என்று டொக்டர் சொல்கிறார்.

சபையார் கேட்ட கேள்விகளால் நீ மனம் நொந்ததாகத் தெரிகிறது. அப்படி நோகக்கூடாது. பொதுப் பணத்தில் கை நனைப்பவர்கள் பொதுவுக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். கப்பல் கந்தோரில் இத்தனை வருஷம் தலைமைக் கிளாக்கராய் இருக்கிற எனக்கே ஒரு பென்சிலுக்குக் கணக்குக் கேட்கிறார்கள். நான் முகம் சுளிப்பதில்லை.

ஒன்றை மறவாதே. உன்னைப் பராமரிக்க எனக்கு வசதி இல்லை என்று என் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆகையால் நத்தார்த் திருநாளுக்கு மச்சாள் அனுப்பிய சேலையைக் கட்டிக்கொண்டு விதானையார் வளவுக்குப் போகாதே. கோவிலுக்கும் வேண்டாம். என்னைப் பற்றி யார் கேட்டாலும் குறைத்துக் கதை.

பிலோமினாவுக்கு நல்ல இடம் ஒன்று பேசி வருகிறது. மன்றாட்டில் சேர்த்துக்கொள்.

நீக்கிலாப்பிள்ளை


குருநகர்,
24.5.1937

யேசு மரி சூசை துணை

அன்புள்ள அண்ணைக்கு,

மேல்வீட்டு வேலை முடிந்து தூசி அடங்கி உங்கள் நெஞ்சு தேறியிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே வெக்கை தாங்க முடியவில்லை. பிள்ளைகள் சுகம்.

யாகோப்பு வந்துவிட்டான்.

போன கிழமை பின்னேரம் மீன் உலர்த்திக்கொண்டிருந்தேன். படலையில் யாரோ நிற்பது தெரிந்தது. "ஆர் அது?" என்றேன். பதில் இல்லை. திரும்பவும் கேட்டேன். அப்போதும் பேசாமல் நின்றான். கிட்டப் போன பிறகுதான் அடையாளம் பிடித்தேன். தாடி வளர்த்து, தேப்பனைப் போலவே தோள் அகன்று, பார்த்தால் ஒரு வள்ளத்தைத் தனியாக இழுத்துப்போடுவான் போல இருக்கிறான். ஆனால் காது போய்விட்டது அண்ணை. ஆழத்தில் குளித்துக் குளித்து இரண்டு காதும் உடைந்து சீழ் வடிகிறது. உரத்துச் சொன்னால் கொஞ்சம் பிடிக்கும். மற்றதெல்லாம் வாயைப் பார்த்துத்தான் அறிகிறான். நெஞ்சிலும் ஏதோ இருக்கிறது. இருமினால் துணியில் இரத்தம். நான்கு வாளி தண்ணீர் அள்ளினால் கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு இருந்துவிடுகிறான். சங்குக்காரர் இனி வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்களாம்.

விதானையாரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் வந்து அவனைச் சுற்றிப் பார்த்தார்.

"இருமலை ஆர் பாக்கப்போகினம்? சபைக்கு இந்தத் தோள்தான் தெரியும். அறிவிச்சால் இந்த மாசமே நிப்பாட்டிப்போடுவினம். நான் காணேல்லை. நீ இவனை ஞானாம்பிகை அம்மாவின்ரை கண்ணிலை படாமல் வைச்சிரு," என்று சொல்லிவிட்டு, காய்ந்த மீனில் நல்லதாய்ப் பார்த்து ஒரு பறி நிறையக் கட்டிக்கொண்டு போனார்.

அண்ணை, அவனைக் கொஞ்சக் காலம் உங்களோடு வைத்திருக்க முடியுமா? கொழும்புப் பெரியாஸ்பத்திரியில் காட்டலாம். சாப்பாட்டுக்குப் படலை காப்பான், வீட்டு வேலை செய்வான். குறை நினைக்கிற பிள்ளை அல்ல. உங்கள் பதிலைக் கண்டதும் ரயிலேற்றிவிடுவேன்.

மச்சாளுக்கும் பிலோமினாவுக்கும் என் அன்பு.

சிசிலியா


குருநகர்,
2.7.1937

அன்புள்ள அண்ணைக்கு,

எல்லோரும் சுகந்தானே? பதில் காணாதபடியால் தபாலில் தவறியிருக்கும் என்று நினைத்துத் திரும்ப எழுதுகிறேன்.

யாகோப்புவைப் பகலில் வீட்டில் வைத்திருப்பதில்லை. முன்பு இவர் தொழிலுக்குப் போன வள்ளத்தின் சொந்தக்காரர் இன்னாசித்தம்பிச் சம்மாட்டி, கரையில் கவிழ்த்துப் போட்ட பழைய வள்ளம் ஒன்றின் கீழ் கிடக்க விட்டிருக்கிறார். சாப்பாடு மட்டும் வீட்டில். அதுவும் லூர்த்தம்மா ஒழுங்கையில் ஆள் நடமாட்டம் இல்லை என்று பார்த்துவிட்டுக் கை காட்டினால்தான் உள்ளே வருவான். சொந்த வீட்டுக்குள் கள்ளனைப் போல வருகிறான்.

ஞானாம்பிகை அம்மா ஒருநாள் சொல்லாமல் வந்தார். கழுவிக் கவிழ்த்திருந்த சோற்றுக் கோப்பைகளைப் பார்த்து, "மூண்டு பேர்தானே, நாலு கோப்பை ஏன்?" என்றார். சின்னவள் இரண்டு தரம் தின்றவள் என்று சொன்னேன். அவர் திரேசம்மாவின் வயிற்றைத் தடவிச் சிரித்தார்.

ஆஸ்பத்திரிக்கும் கூட்டிக்கொண்டு போனேன். நெஞ்சு பழுது, படுக்கவைக்க வேண்டும், இப்போது கட்டில் இல்லை என்றார்கள். வேலை செய்ய இயலாதவன் என்று ஒரு துண்டு கேட்டேன். அதற்குச் சபையாரின் டொக்டர் பார்க்க வேண்டுமாம். சபையாரின் டொக்டரிடம் போனால் சபைக்குத் தெரிந்துவிடும். சிலவேளை அவர் நல்ல துண்டு தரலாம். தராவிட்டால் நான்கு பேரும் பட்டினி. எனக்குத் துணிவு வரவில்லை.

ஒரே ஒரு வரி எழுதுங்கோ. வரச் சொல்லியோ, வேண்டாம் என்றோ.

சிசிலியா


கொட்டாஞ்சேனை,
10.7.1937

சகோதரி சிசிலியாவுக்கு,

தேக சுகம் விசாரித்து நீட்டி எழுத நேரமில்லை.

உன் சபையாரில் ஒருவர் கொழும்புக்கு வந்தவர், என் கந்தோர் துரையோடு பழக்கமுள்ளவர், என்னைக் கண்டு, "உம்முடைய மருமகன் ஊருக்கு வந்து நிற்கிறானாமே, பெடியன் நல்ல வாட்டசாட்டமாம்," என்று கேட்டார். யாரோ மொட்டைப் பெட்டிசம் போட்டிருக்கிறார்கள். என் கையொப்பம் அந்தக் கடதாசியில் இருக்கிறது என்பதை நீ மறந்துவிட்டாய்.

அவனை இங்கே அனுப்ப வேண்டாம். பிலோமினாவுக்குப் பேசுகிற மாப்பிள்ளைப் பகுதியார் அடிக்கடி வந்து போகிறார்கள். இருமிக்கொண்டு இரத்தம் துப்புகிற ஒருவனை வீட்டில் கண்டால் என்ன நினைப்பார்கள் என்று நீயே யோசி. மேல்வீட்டு அறைகளுக்கு இன்னும் கதவு போடவில்லை.

உனக்கு இரண்டில் ஒன்றுதான். சம்பளமா, அவனா. சம்பளம் என்றால் அவன் உன் வீட்டில் இல்லை, உன் பொறுப்பில் இல்லை என்று யார் கேட்டாலும் தடுமாறாமல் சொல்ல வேண்டும். சட்டத்துக்குத் தாய் பிள்ளை தெரியாது. இரண்டு பெண்பிள்ளைகளை நினை. ஆம்பிளைப் பிள்ளை எங்கேயும் பிழைத்துக்கொள்வான்.

முந்திய கடிதமும் கிடைத்தது.

நீக்கிலாப்பிள்ளை


குருநகர்,
21.8.1937

யேசு மரி சூசை துணை

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன். நீங்கள் எழுதியபடி செய்துவிட்டேன். எப்படிச் செய்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். வேறு யாரிடம் சொல்வேன்.

மாதா திருநாளன்று கூழ் காய்ச்சினேன். நண்டும் சம்மாட்டி வீட்டில் தந்த திருக்கைத் துண்டும் போட்டேன். திருநாள் தானே, இன்றைக்கு யார் வரப்போகிறார்கள் என்று யாகோப்புவைக் குசினி வாசலில் இருத்தி ஓலைப் பிளாவில் வார்த்தேன். லூர்த்தம்மாவும் ஒழுங்கையைப் பார்க்கவில்லை. சைவக்காரருக்கு எங்கள் திருநாள் திருநாள் அல்ல என்பது நினைவில்லாமல் போய்விட்டது. நிமிர்ந்தால் ஞானாம்பிகை அம்மா முற்றத்தில் நிற்கிறார். பின்னால் விதானையார்.

"ஆர் இது?" என்று கேட்டார்.

அண்ணை, வாயில் வந்ததை நான் யோசிக்கவில்லை. அல்லது யோசித்துத்தான் வைத்திருந்தேனோ தெரியாது.

"ஆரோ அம்மா. பசிக்குது எண்டு படலையிலை நிண்டவன்."

விதானையார் வானத்தைப் பார்த்தார். யாகோப்புவை அவன் தவழ்கிற காலத்திலிருந்து தெரிந்தவர்.

ஞானாம்பிகை அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். "உனக்குத் தாறது உன்ரை பிள்ளையளுக்கு. அதிலை நீ தருமம் செய்யப்படாது சிசிலியா. நாளைக்கு ஊரிலை உள்ள பிச்சைக்காரர் எல்லாம் உன்ரை படலையிலை நிப்பினம். நல்ல உடம்புக்காரன், உழைச்சுத் தின்னலாந்தானே? எழும்பச் சொல்லு."

நான் அவனைப் பார்த்தேன். அவன் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். என்னுடைய வாயை மட்டும். எவ்வளவு காதில் விழுந்தது, எவ்வளவு வாயைப் பார்த்து அறிந்தான், எனக்குத் தெரியாது. நான் கையை வெளியே காட்டி, "போ," என்றேன்.

பிளாவில் பாதிக்கு மேல் இருந்தது. அதைக் கீழே ஊற்றாமல் வாசலில் நிமிர்த்தி வைத்தான். எழுந்து இரண்டு கையையும் கூப்பி, "உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கும் அம்மா," என்று சொன்னான். படலையைச் சாத்திவிட்டுப் போனான். அப்போது திரேசம்மா ஏதோ கேட்க வாய் திறந்தாள். லூர்த்தம்மா அவளை இழுத்துக் குசினிக்குள் கொண்டுபோய்விட்டாள்.

பின்னேரம் வள்ளத்தடிக்குப் போனேன். அவனுடைய சாக்கு இல்லை. இன்றைக்கு வரை வரவில்லை.

சிசிலியா


கொட்டாஞ்சேனை,
27.8.1937

பிரிய சகோதரிக்கு,

உன் கடிதம் கண்டு மனப்பாரம் இறங்கிற்று. தக்க நேரத்தில் புத்தியாய் நடந்தாய். இங்கே யாவரும் சுகம். இழுப்பும் இந்தக் கிழமை குறைவு.

பெட்டிசத்தில் உண்மை இல்லை என்று விதானையார் எழுதி அனுப்பிவிட்டதாகச் சபைக்காரர் மூலம் அறிந்தேன். உன் நடத்தையைப் பற்றியும் ஞானாம்பிகை அம்மா நல்லபடி சொன்னாராம். இரக்கம் அதிகம், அதை மட்டும் அடக்க வேண்டும் என்றாராம். கேட்க எனக்கும் சந்தோஷம்.

பிலோமினாவுக்கு நிச்சயமாகிவிட்டது. கலியாணம் தையில். நீ வர விரும்புவாய். ஆனால் ஊரைவிட்டுப் போகச் சபையில் உத்தரவு கேட்க வேண்டும். கேட்டால் எங்கே, யார் செலவில் என்று விசாரிப்பார்கள். ஆகையால் அங்கிருந்தே மன்றாடு. படம் அனுப்புவேன்.

நீக்கிலாப்பிள்ளை


குருநகர்,
11.10.1937

அன்புள்ள அண்ணைக்கு,

பிலோமினாவின் செய்தி கேட்டுப் பூரித்தேன். அவளுக்கு என் ஆசீர். எனக்கு நித்திரை இல்லை, வேறு வருத்தம் ஒன்றுமில்லை.

யாகோப்பு பெரியகடைச் சந்தையில் இருக்கிறான். அரிசிக் கடை விறாந்தைகளில் பிச்சைக்காரரோடு இருக்கிறான் என்று மீன் விற்கப் போன பெண்கள் சொன்னார்கள். முதலில் லூர்த்தம்மாவிடம் சோறு கட்டிக் கொடுத்துவிட்டேன். வாங்கித் தின்றானாம். "அண்ணை, வீட்டை வாங்கோ," என்று இவள் அழுதிருக்கிறாள். அவன் இவள் தலையைத் தடவி, "நீ ஆரின்ரை பிள்ளை? கெதியாய்ப் போ, கொம்மா தேடுவா," என்றானாம்.

பிறகு நானே போனேன். ஆள் பாதியாகிவிட்டான். தோள் எலும்பு சட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. பக்கத்தில் இருந்து, "மோனை, யாகோப்பு," என்று காதுக்குள் கூப்பிட்டேன். ஆட்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று திரும்பவும் கூப்பிட்டேன்.

"எனக்குக் காது கேளாது அம்மா," என்றான்.

கையைப் பிடித்து, முகத்துக்கு நேரே வாயைக் காட்டிச் சொன்னேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான். கண்ணை மூடிவிட்டால் அவனிடம் ஒன்றும் சொல்ல முடியாது அண்ணை.

மழை தொடங்கப் போகிறது. நீங்கள் வந்து கூப்பிட்டால் வருவான். மேல்வீட்டு அறைக்குக் கதவு இல்லாவிட்டாலும் கூரை இருக்கிறதுதானே. பகுதியார் வரும் நாட்களில் எங்கேயாவது ஒதுங்கி இருக்கச் சொன்னால் இருப்பான். அது அவனுக்குப் பழக்கம். சபைக்கும் தெரியவராது.

பதிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
சிசிலியா


குருநகர்,
14.12.1937

யேசு மரி சூசை துணை

அன்புள்ள அண்ணைக்கு,

நீங்கள் எல்லோரும் சுகம் என்று எண்ணிக்கொள்கிறேன். எழுதினால்தானே தெரியும்.

யாகோப்பு கார்த்திகை மழையில் செத்துப்போனான். ஒரு கடை விறாந்தையில்.

விதானையார் குடையோடு வந்து முற்றத்தில் நின்றார். திரேசம்மாவுக்குக் காய்ச்சல், மடியில் வைத்திருந்தேன். அடுத்த நாள் சம்பள நாள்.

"பெரியகடையிலை ஒரு பிச்சைக்காரன் செத்துக் கிடக்கிறான். ஆர் எவர் எண்டு பொலிஸ் கேக்குது. மாதா திருநாளண்டு நீ கூழ் வார்த்த ஆள் மாதிரி இருக்கு. உனக்குத் தெரியுமோ?"

அவர் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். தெரியும் என்று சொன்னால் அன்றைக்குச் சொன்னது பொய். அவர் எழுதி அனுப்பியதும் பொய். நாளைக்குச் சம்பளமும் இல்லை, சின்னவளுக்கு மருந்தும் இல்லை.

"தெரியாது ஐயா," என்றேன்.

"அப்ப சரி," என்றார்.

"அம்மா, அது அண்ணையெல்லோ," என்று லூர்த்தம்மா கத்தினாள். நான் அவளுடைய வாயில் அடித்தேன். உதடு வெடித்து இரத்தம் வந்தது. விதானையார் படலையைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

அடுத்த நாள் வரிசையில் நின்று சம்பளத்தை எடுத்தேன். சின்னவளுக்கு மருந்தும் அரிசியும் வாங்கிக் கொடுத்தேன். அவளுக்குக் காய்ச்சல் விட்டதும் என்னால் இருக்க முடியவில்லை. ஆளில்லாப் பிணங்களைப் புதைக்கிற வெளிக்குப் போனேன். சிமியோன் என்கிற ஒரு கிழவன்தான் அங்கே குழி வெட்டுகிறவன். பெரியகடையிலிருந்து வந்த பெடியனை எங்கே வைத்தாய் என்று கேட்டேன். வெள்ளம் நின்ற ஒரு பக்கத்தைக் கையால் காட்டினான். "அந்தக் கிழமை மூண்டு வந்தது. எது எதெண்டு இப்ப சொல்லேலாது."

"ஆரும் கூட வந்தவையோ?"

"ஆர் வாறது? பாரமும் இல்லை. ஒருத்தனாய்த் தூக்கிக்கொண்டு போய் வைச்சிட்டன்."

அங்கிருந்து நேரே நல்லூருக்கு நடந்தேன். ஞானாம்பிகை அம்மா வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை உள்ளே கூப்பிட்டு இருத்தினார். கேட்டுக்கொண்டிருந்தபோது அவருடைய கண் கலங்கிற்று, பொய் சொல்லமாட்டேன்.

"பாவி, அண்டைக்கே சொல்லியிருக்கலாமே," என்றார்.

"சொன்னால் நிப்பாட்டியிருக்கமாட்டியளோ அம்மா?"

அவர் சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். "நிப்பாட்டித்தான் இருப்பம். இப்பவும் நிப்பாட்டத்தான் வேணும். நீ சபைக்குப் பொய் சொன்னனீ. மற்ற ஏழையளுக்கு நான் என்ன பதில் சொல்லுறது?"

நிறுத்திவிட்டார்கள்.

மகன் செத்துவிட்டான் என்றால் ஆதரவில்லாதவள் என்று புதிதாகக் கேட்கலாம், மரணக் கடதாசி கொண்டு வா என்றார். அதற்கு விதானையாரிடம் போனேன். அவர் கதவைச் சாத்திவிட்டுக் கதைத்தார். செத்தவன் பெயர் ஊர் தெரியாத பிச்சைக்காரன் என்று பதிந்தாகிவிட்டது. அதை மாற்றினால் அவருடைய உத்தியோகம் போய்விடும். என்னுடைய மகன் யாகோப்பு நல்ல உடம்போடு வெளியூரில் உழைக்கிறான் என்று இப்போது எழுதிவிட்டாராம்.

உறவில் ஒரு ஆம்பிளை, உத்தியோகத்தில் உள்ளவர், இவளுடைய ஒரே மகன் இறந்துவிட்டான் என்று சத்தியக் கடதாசி கொடுத்தால் சபை ஏற்கும் என்று ஞானாம்பிகை அம்மா சொல்கிறார். எனக்கு உங்களைவிட வேறு யார்? இதை மட்டும் செய்யுங்கோ. இனி ஒன்றும் கேட்கமாட்டேன்.

சிசிலியா


கொட்டாஞ்சேனை,
7.1.1938

பிரிய சகோதரிக்கு,

புது வருஷத்தில் சர்வேசுரன் உன்னையும் பிள்ளைகளையும் காப்பாராக. கலியாண வேலைகளால் உடனே எழுத முடியவில்லை. மச்சாளுக்கும் களைப்பு.

நீ எழுதியவை மிகவும் துக்கமானவை. ஆயினும் நிதானமாய் யோசிக்க வேண்டும். நீ பிரேதத்தைக் கண்ணால் காணவில்லை. நானும் காணவில்லை. காணாத ஒன்றைக் கண்டதுபோல் சத்தியம் பண்ணுவது பாவம். உத்தியோகத்தில் இருப்பவனுக்குக் குற்றமுமாகும். தவிர, சத்தியக் கடதாசி என்று போனால் என்னையும் கூண்டில் ஏற்றி, என்ன சம்பளம், என்ன வீடு, தங்கையை ஏன் பார்க்கவில்லை என்று ஆதியோடந்தம் கேட்பார்கள். இந்தச் சமயத்தில் அது பிலோமினாவுக்கு நல்லதல்ல.

அந்தப் பிச்சைக்காரன் வேறு யாராகவும் இருந்திருக்கலாம். யாகோப்பு எங்கேயோ ஒரு துறையில் சுகமாய் உழைத்துக்கொண்டிருக்கக்கூடும். தாயானவள் நம்பிக்கையை விடக்கூடாது. அவனுடைய தேக சுகத்துக்காக இங்கே ஒரு பூசை ஒப்புக்கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

நீக்கிலாப்பிள்ளை


குருநகர்,
20.2.1938

யேசு மரி சூசை துணை

அன்புள்ள அண்ணைக்கு,

கலியாணப் படம் கிடைத்தது. பிலோமினா வடிவாக இருக்கிறாள். பின்னால் தெரிகிற மேல்வீடும் நன்றாக இருக்கிறது. கதவெல்லாம் போட்டாயிற்றுப் போல. உங்கள் முகத்தில் வருத்தம் தெரியவில்லை. இழுப்பு விட்டிருக்கும்.

லூர்த்தம்மாவை ஞானாம்பிகை அம்மா தன் வீட்டில் வேலைக்கு எடுத்துக்கொண்டார். இரக்கத்தில்தான் எடுத்தார். பிள்ளைக்குச் சாப்பாடும் உடுப்பும் உண்டு. அங்கேதான் படுக்க வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு விட்டார்கள். பக்கத்தில் முழங்காலில் இருந்தாள், என்னோடு ஒன்றும் கதைக்கவில்லை. உதட்டில் தழும்பு இருக்கிறது. நான் கையைத் தொட்டபோது, "நேரமாச்சு, அம்மா ஏசுவா," என்றாள். இப்போது அவளுக்கு அம்மா என்றால் அவர்தான். நானும் திரேசம்மாவும் சம்மாட்டி வீட்டில் மீன் வெட்டிக் கொடுத்துத் தின்கிறோம்.

முந்தநாள் விதானையார் சந்தைக்குள் வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சபையில் என்னுடைய கணக்கை மூட வேண்டுமாம். "பொய் சொன்னதுக்கு உன்னைக் கோட்டுக்கு இழுக்கவேணும் எண்டு ஒருத்தர் நிக்கிறார். இழுத்தால் லூர்த்தம்மாவையும் சாட்சிக்குக் கூப்பிடுவினம். பொம்பிளைப் பிள்ளையைக் கோட்டிலை ஏத்தினால் பிறகு ஆர் கட்டுவினம்? ஒரு வழி இருக்கு. மகன் இருக்கிறான், உழைச்சு அனுப்புறான், எனக்கு இனிச் சம்பளம் வேண்டாம் எண்டு நீயே சொல்லு. அதோடை எல்லாம் முடிஞ்சுபோம்."

மீன் கழுவிய கை. சீலையில் துடைத்துக்கொண்டு நின்றேன்.

அவர் கடதாசியை விரித்துப் பிடித்துக்கொண்டு, சபையில் கேட்பது போலவே கேட்டார். "மகன் யாகோப்பு உயிரோடை இருக்கிறானோ?"

"ஓம் ஐயா."

"வேலை செய்யிறானோ?"

"செய்யிறான்."

"உடம்பு எப்பிடி?"

"நல்ல உடம்புக்காரன் ஐயா," என்றேன்.

எழுதிக்கொண்டார். பெருவிரலை நீட்டினேன். மை கொண்டுவர மறந்துவிட்டாராம். அதனால் இந்த ஒருமுறை மட்டும் என்னை என் பெயரை எழுத விட்டார்.

இனிமேல் உங்களுக்கு என்னால் ஒரு கரைச்சலும் வராது அண்ணை. நீங்கள் ஒப்புக்கொடுத்த பூசை பெரிய உபகாரம். யாகோப்பு சுகம்.

சிசிலியா